வினையும் அயலாரும்

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய மனைகளிலும் முதுமையைக் கழிக்கும் தாய் தந்தையருள் சிலர் தம் வீட்டாராலேயே வதைக்கப்படுகிறார்கள் என்பதை நாம் அறியாதவர்களல்லர். அறிந்தும், "அவரவர் வினை" என்று கதவைச் சாத்திக்கொள்ளும் நம் வழக்கத்துக்குச் சைவம் உண்மையில் இடந்தருகிறதா என்பதே என் வினா.

இடந்தரவில்லை என்பதே என் துணிபு. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வகுத்த சித்தாந்திகள், நுகர்வது பிராரத்தம் என்றதோடு நில்லாமல், நுகரும்பொழுதே புதிதாக ஏறுவது ஆகாமியம் என்றும் உரைத்தனர். ஆகவே வதைபடும் ஒரு தாயின் துயரம் அவளுடைய பழவினையே என்று கொண்டாலும், ஓங்கிய கைக்கு அதனால் மன்னிப்புக் கிட்டாது. கேட்டும் கேளாதவராய் இருந்த எதிர்வீட்டாரின் கணக்கிலும் அது ஏறவே செய்யும். மேலும், எவருடைய எவ்வினை எப்போது பலித்தது என்று தீர்ப்பது இறைவனுடைய அதிகாரமேயன்றி நம்முடையதன்று. பொறுமையும் அவ்வாறே: போக விரும்பினால் போகவும் மறுக்க விரும்பினால் மறுக்கவும் இயலுபவர் மேற்கொள்ளும்போதுதான் அது தவமாகும், போக்கிடமற்ற ஒருத்தியிடம் பிறர் அதை வற்புறுத்துவது கொடுமைக்குச் செய்யும் சகாயம்.

அடி மாத்திரமே கொடுமையன்று. வங்கிப் புத்தகம் கைமாறியிருக்கும். கனடாவிலிருந்து மகள் அழைக்கும்போதெல்லாம் அருகில் ஒருவர் நிற்பார். முதியவரிடம் கேட்ட கேள்விக்கு மற்றவர் விடை சொல்வார். வெள்ளி தவறாமல் மயூரபதி அம்மன் கோயிலுக்கு வந்தவர் திடீரென வராதொழிய, "அம்மாவுக்கு ஏலாது" என்ற சொல்லே வாசலில் கிடைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே நிரபராதமாயிருக்கலாம். ஒருங்கே திரண்டால் விசாரிப்பது நம் கடன். அப்போது மகனை எதிர்த்து ஆர்ப்பரித்தல் ஆகாது. நாம் திரும்பியபின் அதன் பலனை அனுபவிப்பவர் அந்த முதியவரே. தனிமையில் கேட்டு, சொன்னதை நம்பி, என்ன விரும்புகிறீர்கள் என்று அவரையே வினவ வேண்டும். முதுமை ஒருவரைக் குழந்தையாக்கிவிடுவதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் மாத்திரம் பொலிஸை அழைக்கத் தாமதிக்கலாகாது.

சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவுமில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலை வருத்துவதோடு மனத்தைக் கொடூரமாக வதைப்பதையும் வன்முறையென்றே கொள்கிறது. மகனுக்கெதிராகத் தாயும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டமோ, கவனியாதுவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் வழிசெய்தது. வீட்டை நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுத்தபின் வதைபட்டவர்கள், பெருநன்றிகேட்டைக் காரணங்காட்டி அவ்வுறுதியை இரத்துச்செய்யுமாறு மாவட்ட நீதிமன்றத்தை வேண்டலாம்.

பெற்ற மகனை நீதிமன்றேற்றுவது தாய்மைக்கு அடுக்குமா என்று கேட்போர் பலர். இந்தத் தயக்கத்தை நான் இலேசாக எண்ணவில்லை, ஏனெனில் அது பெரும்பாலும் அந்தத் தாயின் சொந்தத் தயக்கமே. ஆயினும், ஆகாமியம் மெய்யென்று நம்புபவர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: பாதுகாப்புக் கட்டளை மகனைத் தண்டிப்பதற்கு முன்னே தடுக்கிறது; அந்தத் தடையால், தன் தாயின்மேல் அவன் இனிச் செய்யவிருந்த வினைகளும் அவனைச் சேராமற் போகின்றன.