சந்திரமதியிடம் யார் கேட்டது?

உண்மையைச் சொல் என்று இன்னொருவருக்குக் கற்பிக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? வடக்கில் பிரதேச செய்தியாளர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிய காலம் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொழும்பில் ஆசிரியபீடத்துக்கு வாசலில் காவலாளி இருப்பார். முல்லைத்தீவிலிருந்து செய்தி அனுப்பும் பிள்ளைக்கு இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிளும், செய்தி பிரசுரமானால் வரும் சிறு தொகையும்தான். பலருக்கு நியமனக் கடிதம்கூட இல்லை.

எங்கள் சமயம் இந்த இடத்தில் அரிச்சந்திரனைக் காட்டும். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தைக் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து பார்த்து அழுத சனம் நாங்கள். வாய்மைக்காக அவன் நாட்டைத் துறந்தான், சுடலை காத்தான். விலைப்பட்டவளோ அவன் மனைவி சந்திரமதி. பாம்பு தீண்டிச் செத்தவன் மகன் லோகிதாசன். அவர்களிடம் சம்மதம் கேட்டவர் யார்? கடைசியில் இறைவன் தோன்றி மகனை எழுப்பிக் கொடுப்பதால் அந்தக் கதையை நம்மால் தாங்க முடிகிறது.

நிஜத்தில் அப்படி முடிவதில்லை. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். பி.பி.சி.க்கும் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கும் செய்தி கொடுத்தவர். கொல்ல வந்தவர்கள் அவரோடு நிறுத்தவில்லை. தகப்பனைக் கத்தியால் வெட்டினார்கள். வீசிய கைக்குண்டில் தாயும் காயப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தத் தாய் தகப்பனை நினைக்காமல் என்னால் 'துணிந்து எழுதுங்கள்' என்று சொல்ல முடிவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அங்கிருந்த ஒரு தாயைப் பற்றி ஒரு மாணவி எழுதி வந்தாள். நல்ல எழுத்து.

"பேர், ஊர், படம் எல்லாம் இருக்கு சேர்."

"அம்மாவிட்டக் கேட்டனீங்களோ, பிள்ளை?"

"கதைக்க ஓமெண்டவா."

"பேர் போடவும் ஓமெண்டவாவோ?"

அவள் திரும்பப் போனாள். அந்தத் தாய் தன் பெயரைத் தாராளமாகப் போடச் சொன்னாராம். மகளின் பெயரையும் அவள் வேலை செய்யும் இடத்தையும் எடுத்துவிடச் சொன்னாராம். அந்த இரண்டு வரிகள் போனதில் கட்டுரை ஒன்றும் மெலியவில்லை. சந்திரமதிக்குக் கிடைக்காத கேள்வி அந்தத் தாய்க்குக் கிடைத்தது. செய்தியறத்தில் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அன்று வகுப்பில் ஒரு பொடியன் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தான். தீமை விளையாத சொல்தானே வாய்மை, அப்படியென்றால் பிரச்சினை தரும் செய்தியை விட்டுவிடலாமே என்றான். யாருக்குத் தீமை என்று பார்க்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவருக்கு வரும் சங்கடத்தைத் தீமைக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். சாட்சி சொன்ன கூலித் தொழிலாளிக்கு வருவதுதான் தீமை. அதனால்தான் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மினக்கெட்டுப் படிப்பிக்கிறேன். ஏன் கேட்கிறாய் என்று அலுவலகம் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒரு குளத்தைத் திருத்த வந்த பணம் எங்கே போனது என்பதை அப்படிக் கிடைக்கும் கடதாசி சொல்லிவிட்டால், கமக்காரர் ஒருவர் தன் பெயரைக் கொடுத்து அல்லற்படத் தேவையில்லை.

செய்தியாளர் பயிற்சிக்கு வரும் வெளியுதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். சுவீடன் போன்ற நாடுகளின் கைகொடுப்போடு 2004இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி, மூன்று மொழிப் பிள்ளைகளுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தது. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் சான்றிதழ் வழங்கிப் படம் எடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. பயின்று போன ஒரு மாணவிக்கு விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வருவது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் கூடப் போக ஒரு சட்டத்தரணி வேண்டும். கொஞ்சக் காலம் வேறு ஊரில் இருக்க வாடகையும், வீட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவும் வேண்டும். உதவ வருகிறவர்களிடம் கமரா வாங்கித் தருவதற்கு முதல் இவற்றைத்தான் கேட்கிறேன். பயிற்சி முடிந்து குறைந்தது மூன்று வருடத்துக்காவது இந்தப் பணம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எழுத்தில்.