ஓரத்தில் நிற்பவள்

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ பழைய குரூப் போட்டோ ஒன்று நிச்சயம் இருக்கும். எடுத்துத் தூசு தட்டிப் பாருங்கள். நடு நாற்காலியில் அங்கவஸ்திரத்தோடு கொள்ளுத் தாத்தா. பக்கத்தில் கொள்ளுப் பாட்டி. பின்வரிசையில் கைகட்டிய சித்தப்பாக்கள். தரையில் சம்மணம் போட்ட வாண்டுகள். வலது ஓரத்தில், தூணோடு தூணாக ஒரு பெண்.

'இது யாரு?' என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

'தெரியலையேப்பா... தாத்தாவோட அத்தையா இருக்கும். வீட்டோட இருந்தாங்கன்னு சொல்வாங்க.'

வீட்டோட இருந்தாங்க! ஒரு முழு ஆயுளுக்கு இரண்டே வார்த்தை.

மற்ற எல்லோருக்கும் பெயர் இருக்க, இவருக்கு மட்டும் ஏன் இல்லை? ஞாபக மறதி என்று தள்ளிவிட முடியாது. அவரைப் பெயர் சொல்லி யாருமே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அத்தை, பெரியம்மா, இன்னார் பெண்டாட்டி. அவ்வளவுதான்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, முக்கியமாக வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றே பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. கடைசிவரை சொந்தப் பெயர் வராத பதிவுகள் நீக்கப்பட்டன. எத்தனை தெரியுமா? சுமார் 28 லட்சம். பெயர் இல்லை, ஓட்டும் இல்லை.

சரி, போட்டோவுக்கு வருவோம். துப்புத் துலக்க வழி உண்டு. அட்டையில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கலாம். மடியில் இருக்கும் குழந்தை யாரென்று தெரிந்தால், படம் எடுத்த வருஷம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொந்தக்காரர்களிடம் விசாரிக்கலாம். நிலப் பத்திரத்தில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். பழைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். பல பெண்களின் பெயர் வாழ்நாளில் அச்சேறியது அந்த ஒரு தடவைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லை என்றால்? 'தாத்தாவோட அத்தைன்னே எழுதி வெச்சுடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?' என்று தோன்றும். நஷ்டம் அவருக்குத்தான். தப்பான பெயர் எழுதிவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். கேள்விக்குறி போட்டு வைத்தால், உங்கள் பேத்தியாவது தேடுவாள். பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுதுங்கள்: 'பெயர் தெரியவில்லை. தாத்தாவின் அத்தையாக இருக்கலாம்.' சொன்னவர் பெயர், தேதி. போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் ஒரு மரியாதைதான்.

'செத்துப்போனவங்களுக்கு இதனால என்ன சார் பிரயோஜனம்?' என்று கேட்பீர்கள். தர்ப்பணத்தில்கூட மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்கிறோம். நியாயம். ஆனால் அந்தத் தாத்தாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தது ஓரத்தில் நிற்கும் அந்தக் கைகளாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நீங்களும் நானும் அவருக்குக் கடன்பட்டவர்கள். யாருக்குக் கடன்பட்டோம் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் எப்படி?

நம்மிடம் இப்போது செல்போன் நிறையப் படங்கள். பெயர் எழுத, பின்பக்கம்கூடக் கிடையாது. உங்கள் வீட்டிலும் 'வீட்டோட இருக்கிற' ஒருவர் இருக்கலாம். எல்லோருக்கும் அவர் அத்தை, அல்லது பெரியம்மா. அவருடைய சொந்தப் பெயர் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொன்னால், பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.