பங்குதாரரும் படைக்கலமும்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தார். தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவர் அவர். மாதச் சம்பளத்தில் முதன்முதல் மிச்சம் கண்டவரும் அவரே. "ஐயா, அமெரிக்காவில் துப்பாக்கி செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கு மலிவாகக் கிடைக்கிறது. அதன் கணக்கைப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை. நான் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை, எவருக்கும் விற்கப்போவதுமில்லை. வரும் ஆதாயத்தில் ஒரு பகுதியை நம் இராப்பள்ளிக் கூரைக்குத் தந்துவிடுகிறேன். பஞ்சசீலம் ஏற்ற நான் அப்பங்கை வாங்கலாமா?" என்றார்.

அன்பர்களே, இராப்பள்ளிக் கூரை ஒழுகுவது உண்மை. ஆதலின் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. பொருள் சேர்ப்பதே குற்றம் என்பது பௌத்தமும் அன்று. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பெருமான் அறிவுரை கூறுங்கால், ஈட்டிய பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பகுதியைத் துய்த்து, இரு பகுதியைத் தொழிலில் இட்டு, ஒரு பகுதியை இடர்க்காலத்திற்கென வைக்குமாறு பணித்தார். தலைமுறை தலைமுறையாகச் சேமிப்பு என்பதையே அறியாதிருந்த மக்களுக்கு இவ்வறிவுரை மிகவும் வேண்டற்பாலது. எனவே இவ்வினாவை முதலில் வணிகத் தராசிலும், பின்னர் அறத் தராசிலும் இட்டு நிறுத்துப் பார்ப்போம்.

வணிகத் தராசு

மதிப்பறிந்து பங்கு வாங்கும் முறைக்கு இலக்கணம் வகுத்தவர் பெஞ்சமின் கிரகாம். 1949இல் வெளிவந்த 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' என்னும் அவரது நூலின் சாரம் இது: பங்கு என்பது சூதாட்டச் சீட்டன்று, ஒரு தொழிலின் உரிமையில் ஒரு கூறு. அத்தொழிலின் உண்மை மதிப்பைக் கணித்து, அதனினும் மிகக் குறைந்த விலைக்கு வாங்குக. மதிப்புக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே வாங்குவோனுக்குப் பாதுகாப்பு.

அதே 1949ஆம் ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்தில் 50,000 டாலர் முதலுடன் தொடங்கப்பெற்றது ஸ்டர்ம் ரூகர் என்னும் துப்பாக்கிக் கம்பெனி. கிரகாமின் அளவுகோலால் அளந்தால் இக்கம்பெனி பல வகையில் தேறும். 2024இன் இறுதியில் அதற்குக் கடனில்லை. கையிருப்போ 10 கோடி டாலருக்கு மேல். இலாபத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது விழுக்காட்டைப் பங்குதாரர்க்கு ஈவாகப் பகிர்வது அதன் வழக்கம். இலாபம் குறைந்தால் ஈவும் குறையும். கடன் வாங்கி ஈவு கொடுக்கும் போலிப் பெருமை அங்கில்லை. நம் இளைஞர் கண்டது பொய்யன்று.

ஆயினும் அக்கணக்கை ஆண்டு வாரியாக நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். 2019இல் 41 கோடி டாலராக இருந்த விற்பனை, 2021இல் 73 கோடியாக உயர்ந்தது. 2024இல் 53½ கோடியாகத் தாழ்ந்தது. இலாபமோ 2019இல் 3 கோடியே 23 இலட்சம். 2021இல் 15 கோடியே 59 இலட்சம். 2024இல் 3 கோடியே 6 இலட்சம். மூன்றாண்டுகளில் இலாபம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. இவ்வேற்றத்திற்கும் இறக்கத்திற்கும் காரணம் யாது? துப்பாக்கி எளிதில் தேயும் பொருளன்று; தந்தை வாங்கியதைப் பேரனும் பயன்படுத்தலாம். அத்தகைய பொருள் திடீரெனப் பன்மடங்கு விற்க வேண்டுமாயின், மக்கள் நெஞ்சில் திடீரென அச்சம் எழ வேண்டும். 2020இல் கொள்ளைநோயும் தெருக்கலகமும் அவ்வச்சத்தை எழுப்பின. அதற்கு முன், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் என்னும் ஊரின் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஆசிரியரும் பணியாளரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அரசு துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்திவிடும் என்று அஞ்சியோர் கடைகளில் குவிந்தனர். 2013இல் ரூகரின் விற்பனை 68 கோடி டாலரைக் கடந்தது. அச்சம் தணிந்த ஆண்டுகளில் விற்பனையும் தணிந்தது.

இத்தொழிலின் மதிப்பு ஒரு சட்டத்தின் நிழலிலும் நிற்கிறது. குற்றவாளிகள் துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக அதனைச் செய்தவர் மீது வழக்குத் தொடுப்பதை 2005ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பெரிதும் தடுக்கிறது. ஆயினும் அவ்வேலியிலும் துளையுண்டு. சாண்டி ஹூக்கில் பயன்பட்ட ரைபிளைச் செய்த ரெமிங்டன், 1816இல் தோன்றிய பழம்பெருங் கம்பெனி. அது 2018இலும் 2020இலும் திவாலாயிற்று. விளம்பரம் செய்த முறையைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில், 2022இல் ஒன்பது குடும்பங்களுக்கு 7 கோடியே 30 இலட்சம் டாலர் வழங்க உடன்பாடாயிற்று. அத்தொகையைச் செலுத்தியவை காப்பீட்டுக் கம்பெனிகள். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குமிடத்து, கணக்கேட்டில் தோன்றும் பாதுகாப்பு இடைவெளி அத்துணை அகலமானதன்று என்பது தெளிவு. எனினும் போதிய அளவு விலை தாழ்ந்தால் வணிகத் தராசு "வாங்குக" என்றே காட்டக்கூடும். அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

அறத் தராசு

அங்குத்தர நிகாயத்தில், இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களைப் பெருமான் எண்ணிக் காட்டுகிறார். படைக்கலம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு என்பன அவை. முதலாவதாக நிற்பது படைக்கலமே. "நான் விற்கவில்லையே" என்கிறார் நம் இளைஞர். பழைய பாலி உரையாசிரியர் இவ்விடத்து உரைத்த பொருள் கருதத்தக்கது: படைக்கலங்களைச் செய்வித்து விற்றல் என்பது அவர் உரை. 'செய்து' என்று மட்டும் கருதாமல் 'செய்வித்து' என்றதன் நுட்பத்தை நோக்குக. சம்மட்டி பிடிப்பவன் செய்பவன். முதலுக்கு உரியவனாகி, ஊதியம் கொடுத்து, இலாபம் கொள்பவன் செய்விப்பவன். இன்றைய மொழியில் அவனுக்குப் பெயர் பங்குதாரர்.

இதற்கு மறுப்புகள் சில உண்டு. "நான் வாங்கும் பங்கு மற்றொரு பங்குதாரரிடமிருந்து வருகிறது, என் பணம் ஆலைக்குப் போவதில்லை, நான் வாங்காவிடினும் பிறர் வாங்குவர்" என்பது முதலாவது. இஃது உண்மையே. என் மறுப்பால் ஒரு துப்பாக்கியும் குறையப்போவதில்லை. ஆனால் வினா ஆலையைப் பற்றியதன்று, என்னைப் பற்றியது. வாங்கிய நாள் முதல், அங்கு செய்யப்படும் ஒவ்வொன்றும் என் பொருட்டும் செய்யப்படுகிறது. ஊன் உண்போர் இலராயின் விற்போரும் இலர் எனக் குறளாசிரியர் புலான்மறுத்தலில் காட்டிய நெறியும், கொல்லும் கையோடு பொறுப்பு நின்றுவிடுவதில்லை என்பதே.

"துப்பாக்கி காவலுக்கும் பயன்படுகிறதே, மருத்துவரும் பிறர் நோயால்தானே வாழ்கிறார்?" என்பது இரண்டாவது. காவலர் கையிலும் வேட்டைக்காரர் கையிலும் துப்பாக்கி உண்டு என்பதை மறுக்கவில்லை. மருத்துவரோ நோயைப் போக்கிக் கூலி பெறுகிறார். அச்சத்தால் வாங்கிய துப்பாக்கி அச்சத்தைப் போக்குவதில்லை. அண்டை வீட்டானையும் ஒன்று வாங்கச் செய்கிறது. வீட்டிற்குள் இருக்கும் துப்பாக்கி யாரைக் காக்கிறது என்பதையும் எண்ணுக. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். ரூகர் கம்பெனி 15½ கோடி டாலர் இலாபம் ஈட்டிய ஆண்டும் அதுவே. அக்கம்பெனியின் துப்பாக்கிகளே அத்தனை பேரைக் கொன்றன என்று நான் கூறவில்லை. ஒரே ஆண்டின் இரு கணக்குகளைப் பக்கத்தில் வைக்கிறேன்.

"உள்ளே நுழைந்து திருத்தலாமே?" என்பது மூன்றாவது. இம்முயற்சி உயர்ந்ததே. கத்தோலிக்க அருட்சகோதரியரும் பிறரும் அடங்கிய சமயக் கூட்டமைப்பினர் அந்நோக்குடனேயே பங்கு வாங்கி, துப்பாக்கி வன்முறையைக் குறைக்க யாது செய்கிறீர் என அறிக்கை கேட்கும் தீர்மானத்தை 2018இல் ரூகரின் பங்குதாரர் கூட்டத்தில் நிறைவேற்றினர். அறிக்கை தருவோம், அதனால் தொழில் மாறாது என்றனர் நிருவாகத்தார். 2000இல் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி பாதுகாப்பு விதிகளை ஏற்று அரசுடன் உடன்படிக்கை செய்தபோது, வாடிக்கையாளரே அதைப் புறக்கணித்தனர். 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதனை வாங்கிய பிரிட்டிஷ் முதலாளிகள், 2001இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்று வெளியேறினர். திருத்த விரும்புவோர் நட்டத்திற்குத் துணிந்தே உட்புக வேண்டும். நம் இளைஞர் நாடுவதோ இலாபம். இரண்டையும் ஒரு கையில் பற்ற இயலாது.

நெஞ்சில் நிகழ்வது

இனித் தலையாய காரணத்தைக் கூறுவேன். எண்ணமே வினை என்பது நம் அறத்தின் அடிப்படை. மதிப்பறிந்து வாங்குவோனின் அருங்குணம் பொறுமை. மலிந்த காலத்தில் வாங்கி, ஏறும் காலத்திற்குக் காத்திருப்பான். இப்பங்கு எப்பொழுது மலிகிறது? மக்கள் அச்சமின்றி உறங்கும் பொழுது. எப்பொழுது ஏறுகிறது? அவர்கள் ஒருவரையொருவர் அஞ்சும் பொழுது. ஆகவே இங்கே பொறுமை என்பது பிறர் அச்சத்திற்காகக் காத்திருத்தலே. எங்கோ கலகம் என்ற செய்தி வரும். இரக்கம் எழுவதற்கு முன் கை கைப்பேசியில் விலையைத் தேடும். அந்த ஒரு கணத்தில் நம் மைத்திரி பாவனை என்னவாகிறது? ஈவுத்தொகை ஆண்டில் நான்கு முறை வரும். அக்கணமோ எந்நாளும் வரலாம்.

தொலைவில் இருப்பவனுக்குப் பொறுப்பில்லை என்று நம்மவர் சொல்லுதல் பொருந்தாது. கோலார் தங்கவயலின் வரலாற்றை நாம் அறிவோம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் பாறை வெடித்தும், கல்தூசு நுரையீரலை அடைத்தும் மடிந்தோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். தமிழ்ப் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும் அவர்கள் நடுவிலேயே. இலண்டனில் பங்கு வைத்திருந்தோர் அச்சுரங்கத்தைக் கண்டதில்லை. எவரையும் கையால் வருத்தியதுமில்லை. ஆயினும் அவர்கள் தூய கையினர் என்று நம் பாட்டன்மார் ஒருநாளும் ஒப்பியதில்லை. அவர்களை அளந்த கோலால் நம்மையும் அளத்தலே நீதி.

இதனை எல்லை கடந்து இழுத்தலும் ஆகாது. அவ்வாலையில் கூலிக்கு உழைக்கும் ஏழையைப் பழித்தல் நம் வேலையன்று. அவனுக்கு வேறு பிழைப்பு அரிது, பங்கு வாங்குவோனுக்கோ வேறு பங்குகள் ஆயிரம். நூற்றுக்கணக்கான கம்பெனிகளைத் திரட்டிய பொது நிதியில் சேமிப்போர், அதனுள் ஒரு துளி இவ்வகைப் பங்கும் கலந்திருக்குமோ எனக் கலங்குகின்றனர். கண்ணிழந்த சக்குபாலத் தேரர் நடக்கையில் பூச்சிகள் மிதிபட்டு இறந்தபோது, கொல்லும் எண்ணம் அவர்பால் இல்லை எனப் பெருமான் தெளிவித்தார். அறியாது கலந்தது வேறு. அறிந்து தேர்ந்தது வேறு. அறிந்தபின் இயன்றவரை விலகுக, அவ்வளவே.

நம் இளைஞருக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, உன் கணக்கில் பெரும்பிழை இல்லை, ஆனால் ஒரு பத்தி விடுபட்டது. அப்பங்கு உன் மனத்தை எதை விரும்பப் பழக்கும் என்பதே அப்பத்தி. சேமிப்பை விடாதே, இதே உழைப்பால் வேறு நூறு கம்பெனிகளின் கணக்கைப் படி. நீ அளிக்க விரும்பும் கொடை சிறிதாயினும் ஆகுக." கூரை இன்னும் ஒழுகுகிறது. பிள்ளைகள் நனையாத மூலையில் அமர்ந்து படிக்கின்றனர். அடுத்த பௌர்ணமிக்கு அவ்விளைஞர் தம் சம்பளத்திலிருந்து எட்டு ஓடுகளுக்கு விலை கொண்டுவந்து தந்தார். மழைக்காலத்திற்குள் மீதியையும் நாம் சேர்ப்போமாக.