மலையில் உனக்கென்ன வேலை?

எங்கள் தமிழ்த்துறையில் ஆண்டுக்கு ஒருமுறை மாணவிகளை மலைக்கு அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. மதுரையைச் சுற்றி மலைகளுக்குக் குறைவில்லை. சமணர் மலை, அரிட்டாபட்டி, திருவாதவூர், கொஞ்சம் தள்ளிப் போனால் கழுகுமலை. கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் பார்க்கப் போவதாகக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு பேருந்து போதாது. சென்ற ஆண்டு ஒரு வேன்தான் எடுத்தோம். அதிலும் பின்னிருக்கை காலியாக இருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எங்கே நகர்கிறார்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பெயர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய மாணவிகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டபோது ஒருத்திகூடக் கைப்பேசியைக் காரணமாகச் சொல்லவில்லை. வீட்டில் விடவில்லை என்றார்கள். ஒரு மாணவி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள்.

"அங்க போய் என்ன செய்வீங்கன்னு அப்பா கேட்டாரும்மா. நடப்போம்னு சொன்னேன். நடந்துன்னு திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியல."

எனக்கும் அந்த நேரத்தில் பதில் தெரியவில்லை. சரிம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அன்று சொல்லத் தவறிய பதிலைத்தான் இங்கே தேடுகிறேன்.

அவளுடைய அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கி மகளைப் படிக்கவைக்கிறவர். அவர் கேட்ட கேள்விதான் நம் எல்லோர் வீட்டிலும் கேட்கப்படுகிறது. பெண் வெளியே போக ஒரு காரணம் வேண்டும். கல்லூரி, கோயில், ரேஷன் கடை, கல்யாணம், துக்கம், மருத்துவமனை. இந்தப் பட்டியலில் இருந்தால் போகலாம். அதே வீட்டில் அண்ணன் நண்பர்களோடு கொடைக்கானலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எப்போது வருவாய் என்று கேட்பார்கள். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். 'சும்மா' என்ற சொல் ஆண்பிள்ளையின் வாயில் பதிலாகிறது, பெண்பிள்ளையின் வாயில் குற்றமாகிறது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூலின் மையக் கேள்வியும் இதுதான். ஒரு நோக்கமும் இல்லாமல் பொது இடத்தில் இருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டா?

வகுப்பில் இத்தனை ஆண்டுகளாகக் குறிஞ்சித் திணை நடத்துகிறேன். தினைப்புனத்தில் கிளி ஓட்ட மகளை அனுப்புகிறார்கள். தினை முற்றிக் கதிர் கொய்ததும் அவளுக்கு அங்கே வேலையில்லை, வீடு திரும்ப வேண்டும். அதற்கு முன்பே அவள் மேனியில் வேறுபாடு கண்டால் வெளியே விடாமல் வீட்டில் வைத்துக் காப்பார்கள். இற்செறிப்பு என்று அதற்கொரு துறைப் பெயரும் இருக்கிறது. காதலனைப் பிரிந்த துயரமாகவே அதை விளக்கிவந்தேன். அவள் மலையையும் அல்லவா பிரிகிறாள் என்று எனக்குத் தோன்றவே வெகுகாலமாயிற்று.

எனக்கே அது நடந்திருந்தும் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அப்பால் ஒரு பாறைக்குன்று உண்டு. அண்ணன்களோடு ஓடி ஏறுவேன். வயதுக்கு வந்த ஆண்டில் அது நின்றது. யாரும் தடை என்று ஒன்றும் அறிவிக்கவில்லை. "இன்னுமா சின்னப்பிள்ளை?" என்று அப்பத்தா ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. மலையேறுவோர் எண்ணிக்கை குறைகிறது என்று இப்போது பேசுகிறார்கள். பெண்கள் விஷயத்தில் அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீடுவீடாக எப்போதும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் பங்கையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11, மகளிர் தினத்தை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அந்த ஆண்டு எங்கள் பயணத்தை நானே ரத்து செய்தேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. ரத்து செய்த கையோடு மனதில் ஒரு நிம்மதி வந்ததும் உண்மை. நாம் போகும் மலையில் காடே இல்லை, மொட்டைப் பாறை, அங்கே எந்தத் தீ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவள் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன்?

அந்தத் தீக்குப் பிறகு அனுமதி, வழிகாட்டி, வெயில்காலத் தீ எச்சரிக்கை என்று பேச வேண்டிய பேச்சு ஒன்று இருந்தது. அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். பல பாதைகளுக்கான கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதால் எங்கள் மாணவிகளுக்கு எட்டாது என்பது மட்டும் குறை. ஆனால் வீடுகளில் நடந்த பேச்சு வேறு. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" ஆண்கள் சாலையில் செத்தால் சாலையைக் குறை சொல்கிறோம். பெண்கள் மலையில் செத்தபோது அவர்கள் அங்கே போனதைக் குறை சொன்னோம். நான் ரத்து செய்த கடிதமும் அந்தப் பேச்சோடு சேர்ந்துகொண்டது.

நண்பர் ஒருவர், கவிஞர், மேற்குத் தொடர்ச்சி மலையில் தனியாகவே அலைகிறவர். கூட்டம் குறைந்ததைப் பற்றி வருத்தப்பட்டபோது அவர் சிரித்தார். "நல்லதுதானே தோழர்? ஆள் குறைஞ்சாத்தான் மலை மலையா இருக்கும்." அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பிளாஸ்டிக் பாட்டில்களையும் பாட்டுப் பெட்டியையும் சுமந்து வரும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆளற்ற பாறையில் உட்கார்ந்து காற்றைக் கேட்கும் ஆசை எனக்கும் உண்டு.

ஒருநாள் மாலை அந்த ஆசையில் சமணர் மலைக்குத் தனியாகப் போனேன். மேலே நன்றாகத்தான் இருந்தது. இறங்கத் தொடங்கியபோது கீழே படிக்கட்டு ஓரத்தில் இரண்டு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கெட்டவர்களாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அரைமணி நேரம் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றேன். பிறகு கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மேலேறி வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மேல தண்ணி இருக்காக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் என்னால் இறங்க முடிந்தது.

நண்பரின் தனிமைக்கு யாரும் வராமல் இருந்தால் போதும். என் தனிமைக்கு யாராவது வந்துகொண்டிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அவருக்குப் புரியவைக்க எனக்கு அந்தப் படிக்கட்டு தேவைப்பட்டது. மலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் அடுத்து வரும் பெண்ணுக்குத் துணையாகிறாள், இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாவிட்டாலும். ஒருத்தி வராமல் போகும்போது மலை இன்னும் கொஞ்சம் ஆண்களின் இடமாகிறது. பிறகு, அது பெண்கள் போகும் இடமா என்று கேட்பது எளிதாகிவிடுகிறது.

அப்படியானால் போவது பெண்களின் கடமையா? அப்பாவை எதிர்த்து வா என்று அந்த மாணவியிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை. அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவள், நான் அல்ல. கடமை என்று ஒன்று இருந்தால் அது சம்பளமும் வயதும் பதவியும் உள்ள எங்களைப் போன்றவர்களுக்குத்தான். நாங்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பயந்து ரத்து செய்யாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு மாணவி கேட்டதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. "எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போய் நாள் பூரா வெயில்ல நிக்கிறாங்க. அவங்ககிட்ட, வெயில்ல சும்மா நடக்கப் போறேன்னு எப்படிம்மா சொல்றது?" விறகுக்கும் தண்ணீருக்கும் ஆட்டுக்கும் நம் பெண்கள் நடக்காத மலையா? அதை யாரும் மலையேற்றம் என்று எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. மகளின் கூச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் முடிவு, மகளும் சும்மா நடக்கக் கூடாது என்பதாக இருக்க முடியாது. சும்மா நடக்கும் ஒரு நாள் அம்மாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே அதன் முடிவு. சென்ற ஆண்டு காலியாக இருந்த அந்தப் பின்னிருக்கையில் அம்மாக்களை உட்காரவைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்ப்பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலை அவர்கள் கால் பட்ட மலை. கால் படாதவளுக்கு அது செய்தித்தாளில் ஒரு பெயர்தான். கழுகுமலையிலோ ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முந்தைய சமணக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்று பெண் துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன. குரவர் என்பதன் பெண்பால், ஆசிரியைகள். மலைக்கும் பெண்ணுக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் வகுப்பில் காட்டும் சான்று அது.

ஆனால் அந்தச் சான்றுக்குப் பின்னாலும் நான் ஒளிந்துகொண்டுதான் இருந்தேன். இத்தனை ஆண்டுகளாகக் கல்வெட்டைக் காரணம் காட்டித்தானே கடிதம் எழுதினேன்? ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போகும் பெண்ணைப் போல. மாணவியின் அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம், நானே அதை நேராக எதிர்கொண்டதில்லை.

இந்த ஆண்டுக் கடிதத்தில் 'மாணவியரும் அவர்தம் அன்னையரும் மலையில் நடப்பதற்காக' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். மறுபடியும் அதையே எழுதி, இந்த முறை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறேன்.