ரத்தத்துலயே இருக்கு

மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் வந்து கூடும் வைத்திக்குப்பம் கடற்கரையில்தான் அப்பா வளர்ந்தார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அங்கே போயிருந்தேன். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே பெரியப்பா கேட்டார்: "உன் தாத்தாவும் பொண்டாட்டிய அடிச்சவரு, உங்கப்பனும் அப்டித்தான். ரத்தத்துலயே இருக்குடா. நீ எப்டி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத் தூக்கம் போனது.

ரத்தத்தில் 'இருக்கிறது' என்றால் என்ன?

ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதனால் ஹிஸ்டோன் புரத உருண்டைகள் மீது, உருண்டைக்கு 147 எழுத்து நீளம் என்று சுற்றிக் கிடக்கிறது. இதுதான் குரோமாட்டின். சுற்றிய இடத்தை லேசில் படிக்க முடியாது. ஸ்விஸ்னிஃப் போன்ற புரத இயந்திரங்கள் ஏடிபியைச் செலவழித்து உருண்டையைத் தள்ளுகின்றன, சில சமயம் கழற்றியே விடுகின்றன. வேறு சில இயந்திரங்கள் உருண்டைகளைச் சீராக அடுக்கி மறுபடி மூடுகின்றன. திறப்பதற்கும் செலவு, மூடுவதற்கும் செலவு. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஸ்விஸ்னிஃப் மரபணுக்களில் பழுது இருக்கிறது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமுக்காக 2009இல் நோபல் வாங்குவதற்கு வெகுமுன்பே, 1993இல், சகாக்களுடன் ஹெச்5 என்ற ஹிஸ்டோனின் மையப்பகுதி வடிவத்தை வெளியிட்டார். பறவைகளின் ரத்தச் சிவப்பணுக்களில் குரோமாட்டினை இறுக்கிப் பூட்டுவது அது. ரத்தத்தில் பூட்டும்தான் இருக்கிறது.

கோட் இருப்பது வேறு, ஓடுவது வேறு என்பது என் தொழிலில் தினசரிப் பாடம். ஆனால் இதை வைத்து 'மனசு வைத்தால் மரபணுவை மூடிவிடலாம்' என்று ஆறுதல் தேட முடியாது. அந்த இயந்திரத்துக்கு என் மனசு தெரியாது. அதைச் செய்யும் குறிப்பும் அதே டிஎன்ஏவில்தான் இருக்கிறது. தவிர, மனைவியை அடிப்பதற்கென்று ஒரு மரபணு கிடையாது. அறிவியல் எனக்கு நற்சான்றிதழ் எதுவும் தரவில்லை. ஒரு கேள்வியைத் தந்தது: எங்கே திறக்கிறது, எங்கே மூடிக்கொள்கிறது?

மறுநாள் பெரியப்பாவிடம் கேட்டேன்: "தாத்தா படகு மொதலாளிய எப்பவாவது அடிச்சிருக்காரா?"

ஊசி நின்றது. "அது எப்டிடா? மொதலாளி ஆச்சே."

முதலாளி முன்னால் நின்றபோதும் தாத்தாவுக்கு அதே ரத்தம்தான் ஓடியது.