விடுப்பு யாருடைய உடைமை?

பொருள் தேடிக் கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கூத்தாநல்லூரும் தலைமுறை தலைமுறையாக இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆடவரை அனுப்பிவந்த ஊர்கள். 1970களில் எண்ணெய் வளம் பெருகிய அரபு நாடுகளின் பக்கம் அப்பயணம் திரும்பிற்று. ‘சபுராளி’ என்னும் சொல் நம் இல்லங்களில் பெருமையோடும் பெருமூச்சோடும் ஒருங்கே ஒலிப்பது. அந்தப் பெருமூச்சின் பொருளை இங்கே சிந்திப்போம்.

அயல்நாட்டு ஊதியத்தையும் உள்ளூர் ஊதியத்தையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் மாதத் தொகையையே தராசில் வைக்கின்றனர். ஓய்வு நாட்களை வைப்பதில்லை. ஏட்டளவில் நோக்கின் ஓய்விலும் அயல்நாடே முந்துகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம், ஓராண்டு பணி முடித்தவருக்கு ஊதியத்துடன் 30 நாள் விடுப்பு அளிக்கிறது. சவூதி அரேபியச் சட்டம் 21 நாளும், ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு 30 நாளும் தருகிறது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ, இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்றே வகுத்தது.

அச்சட்டமும் எட்டாத இடங்கள் பல. கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில், மிளகுக் கொடியிடையே நாட்கூலிக்கு உழைப்பவருக்கு ஊதிய விடுப்பு ஏது? வேலைக்குச் செல்லாத நாள் கூலியில்லாத நாள். ஆயினும் அவர் மாலையில் தம் பிள்ளையின் முகம் காண்கிறார்; தாய்க்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே அருகில் அமர்கிறார். வறுமையை நாம் போற்றவில்லை. பிள்ளையின் முகம் பசியைத் தீர்க்காது. ஆனால் அந்த மாலைப் பொழுதுக்கும் ஒரு விலை உண்டு. அயல்நாட்டு ஊதியத்துக்குள் அந்த விலையும் கலந்திருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் ஊர் வருபவர், முப்பதாண்டு பணியில் இல்லத்தில் கழிப்பது 30 மாதங்கள். அதாவது இரண்டரை ஆண்டுகள். எஞ்சிய இருபத்தேழரை ஆண்டுகளும் அவர் மனைவி தனித்திருந்தவை. மக்கள் தந்தையைக் குரலாக மட்டுமே அறிந்தவை.

இந்த இரண்டரை ஆண்டையும் விற்போர் உளர். ‘இவ்வாண்டு வரவில்லை; அந்தப் பணம் வீட்டுக் கூரைக்கு ஆகட்டும்’ என்கின்றனர். இங்கே இரு சட்டங்கள் இரு வழி செல்கின்றன. தொழிலாளி விரும்பினால் விடுப்புக்கு ஈடாகப் பணம் பெற அமீரகச் சட்டம் இடமளிக்கிறது. பணியில் இருக்கும் காலத்தில் விடுப்பைத் துறக்கவோ பணமாக மாற்றவோ கூடாது என்கிறது சவூதிச் சட்டம். முன்னது விடுப்பைத் தொழிலாளியின் உடைமையாகக் கருதுகிறது. பின்னது, அவரே விரும்பினும் விற்கவியலாத உரிமையாகக் கருதுகிறது. எது நம் மார்க்கத்தின் உணர்வுக்கு நெருக்கமானது?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது. இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஏங்கிய ஒரு பெண்ணின் குரலை அவர்கள் செவியுற்றார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருக்க இயலும் எனத் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களை வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கேற்பப் படைவீரர்களின் பணிக்காலத்துக்கு வரம்பு கட்டினார்கள். விடுப்பின் அளவைக் கலீஃபா வீரரிடம் கேட்கவில்லை, தளபதியிடமும் கேட்கவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்டார்கள் என்பதை நாம் கருத வேண்டும்.

ஆகவே விடுப்பு உழைப்பவரின் தனி உடைமையன்று. அதில் மனைவிக்கும் மக்களுக்கும் முதிய பெற்றோருக்கும் ஹக்கு உண்டு. பிறர் பங்குள்ள பொருளை அவர்தம் இசைவின்றி விற்பது முறையாகாது. அவசியத்தின் பொருட்டு விற்கத்தான் வேண்டுமெனில், முதலில் இல்லாளைக் கேட்க வேண்டும்.

குற்றம் சபுராளியிடம் மட்டுமில்லை. சகோதரிக்கு மணவீடு கட்டித் தரவும், கைக்கூலிப் பணம் சேர்க்கவும், அண்டை வீட்டார்க்கு ஈடாக மாடி எழுப்பவும் அவரை நெருக்குவோர் ஊரிலிருக்கும் நாமே. நம் கோரிக்கைகளில் ஒன்றைக் குறைத்தால், அவருக்கு ஒரு விடுப்பு மிஞ்சும். பயணத்தின் வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். திரும்பும் வழியை நாமே அடைக்காதிருப்போமாக.