பிடித்தமும் அமானிதமும்

மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது நம் கடைகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்றுண்டு. "முதலாளி, சேமநிதிக்குப் பிடிக்க வேண்டாம். வீட்டில் செலவு இருக்கிறது, முழுசாகக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்று சிப்பந்தி கேட்கிறான். நாமும் இரக்கப்பட்டுச் சம்மதிக்கிறோம். இருவரும் மனமொப்பிச் செய்த காரியந்தானே, இதில் என்ன குற்றம் என்று சகோதரர்கள் சிலர் கேட்கின்றனர்.

மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955 ஜூலையில் தொடங்கிற்று. இரண்டிலும் ஆரம்பத்தில் ஊழியர் பங்கு நூற்றுக்கு 5, முதலாளி பங்கு 5. இன்று சிங்கப்பூரில் 55 வயது வரை ஊழியர் 20, முதலாளி 17. மலேசியாவில் 60 வயதுக்குட்பட்ட குடிமகனுக்கு, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரையில், அவன் பங்கு 11, நம் பங்கு 13.

இதை வரி என்று முணுமுணுப்போர் நம்மில் உண்டு. அமெரிக்காவில் 1937 முதல் சம்பளத்தில் பிடிக்கப்படுவதை வரி என்பது பொருந்தும். இன்று அங்கே இருசாராரும் நூற்றுக்கு 6.2 வீதம் கட்டும் பணம் இன்றைய முதியோருக்கே பெரும்பாலும் போய்விடுகிறது. கட்டியவன் முதுமையடையும்போது அன்றைய உழைப்பாளிகள் கட்டுவதை நம்பியிருக்க வேண்டும். நம் சேமநிதியோ அவனவன் பெயரிலேயே கணக்காகி நிற்கிறது. வட்டி கலக்குமோ என்று அஞ்சுவோர்க்கு மலேசியாவில் 2017 முதல் ஷரீஅத் முறைச் சேமிப்பும் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சம்பளம் 2,000 வெள்ளி. பையன் பங்கு 220, நம் பங்கு 260. 'பிடிக்க வேண்டாம்' என்று அவன் கேட்டது தன்னுடைய 220-ஐ. அந்த 260? அதை அவன் விட்டுக்கொடுக்கவே இல்லை. பல சமயம் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அது சந்தடியில்லாமல் நம் கல்லாவில் தங்கிவிடுகிறது. நாம் காட்டியது இரக்கமே என்றால் அந்த 260-ஐயும் சேர்த்தல்லவா அவன் கையில் வைத்திருப்போம்? அப்படி வைத்தவர் எவரையும் நாம் கண்டதில்லை. வைத்தாலும் சட்டம் ஒப்பாது, அது வேறு விஷயம்.

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது? முற்காலத்தில் நம் சிப்பந்திகள் கடையிலேயே உண்டு உறங்கி, சம்பளத்தைப் பேரேட்டில் ஏறவிட்டு, சபர் முடிந்து ஊர் திரும்பும் நாளில் கணக்குத் தீர்த்து வாங்குவார்கள். மனமுள்ள முதலாளி மேற்கொண்டு ஏதேனும் கொடுத்தனுப்புவார், மனமில்லாதவர் கொடுக்கமாட்டார். கேட்க யாருக்கும் ஹக்கு இல்லை. அந்தப் பழக்கத்தில் வந்த நாம் இந்த 13-ஐயும் நாம் அளிக்கும் வெகுமதியாகவே எண்ணிவிட்டோம். அது வெகுமதியன்று. பின்னால் கைக்கு வரும் கூலி. அதனால்தான் முதலாளி பங்கை ஊழியன் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. அவன் மௌத்தான பின் மலேசியாவில் முஸ்லிமின் சேமநிதிப் பணம் பராயிலுப்படி மனைவி மக்களுக்குச் சேர்வது. பெயர் குறிக்கப்பட்டவர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே.

இதைவிடக் கொடியது, பையனிடம் 220-ஐப் பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் சரக்குக்குப் புரட்டுவது. 'அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடுவேன்' என்பார்கள். பிடித்த நிமிடத்திலிருந்து அது நம்மிடம் இருக்கும் அமானிதம். மறுமாதம் 15-ஆம் தேதி வரை சட்டம் தவணை தருவது கணக்கெழுதிக் கட்டுவதற்கே, புரட்டுவதற்கன்று.

ஊரிலிருந்து வந்து நம் உணவுக்கடைகளில் வேலை செய்வோருக்கும் மலேசியாவில் 2025 அக்டோபர் சம்பளம் முதல் சேமநிதி கட்டாயமாகியிருக்கிறது. அவர்கள் பங்கு 2, நம் பங்கு 2. சிறு தொகைதானே என்று பெயரைப் பதியாமல் இருப்பவர்கள் இந்த வாரமே பதிந்துவிடுவது நல்லது.

அவசரமென்று பையன் மறுபடி வந்து நின்றால் நம் கைப்பணத்திலிருந்து அழகிய கடனாகக் கொடுப்போம். சிறுகச் சிறுக அவன் திருப்பித் தரட்டும்.